பங்கும் உரிமையும்: பன்னாட்டு ஆவணங்களில் தண்ணீரின் சொல் வரலாறு

1. தோற்றுவாய்

தண்ணீரைக் குறித்த பன்னாட்டுச் சொல்வழக்கின் வரலாற்றில் 1948ஆம் ஆண்டு இரு நிகழ்வுகளால் குறிப்பிடத்தக்கதாகிறது. அவ்வாண்டு ஏப்ரல் 1ஆம் நாள், இந்தியாவின் கிழக்குப் பஞ்சாப் அரசு, எல்லைக்கு அப்பால் பாகிஸ்தானின் மேற்குப் பஞ்சாபுக்குச் சென்றுகொண்டிருந்த கால்வாய்களின் நீரை நிறுத்தியது. அதே ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள், பாரிசில் கூடிய ஐக்கிய நாடுகள் அவையின் பொதுப்பேரவை அனைத்துலக மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றுக்கொண்டது. மனிதர் நலமுடன் வாழ்வதற்கு வேண்டியவை என அப்பிரகடனத்தின் 25ஆம் உறுப்பு உணவு, உடை, உறைவிடம், மருத்துவ வசதி ஆகியவற்றைப் பெயர் சுட்டிக் கூறுகிறது. தண்ணீர் அங்குப் பெயர் சுட்டப்படவில்லை.

இவ்விரு நிகழ்வுகளும் ஒன்றோடொன்று தொடர்பின்றி நிகழ்ந்தவை. முன்னது இரு அரசுகளுக்கிடையே எழுந்த வழக்கு. பின்னது தனிமனிதரை முன்னிறுத்திய அறிக்கை. பற்றாக்குறை நேரும்போது அரசுகள் பேசும் மொழி 'பங்கு' என்னும் கருத்தை அடிப்படையாகக் கொண்டது. மனிதர் சார்பில் பேசப்படும் மொழி 'உரிமை' என்னும் கருத்தை அடிப்படையாகக் கொண்டது. இவ்விரு சொல்வழக்குகளும் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் தனித்தனியே வளர்ந்தன. எந்த ஆவணத்தில் எச்சொல் இடம்பெற்றது என்பதைப் பொறுத்தே யார் யாரிடம் கேட்கலாம், யார் பொறுப்பேற்க வேண்டும் என்பன முடிவாயின. தமிழில் இவ்விரண்டையும் 'உரிமை' என்ற ஒரே சொல்லால் குறிக்கும் வழக்கம் நிலவுவதால், இவ்வேறுபாட்டை மொழிபெயர்ப்பாளர் அறிந்திருத்தல் இன்றியமையாததாகிறது. மேற்கூறிய இரு சொல்வழக்குகளின் வளர்ச்சியையும், அவை சந்தித்த இடங்களையும் இக்கட்டுரை வரலாற்று முறையில் ஆராய முற்படுகிறது.

2. சிந்துப் படுகை: பங்கின் மொழி

1947ஆம் ஆண்டுப் பிரிவினையில் வரையப்பட்ட எல்லைக்கோடு, ஒரே பாசன அமைப்பாக இயங்கிய பஞ்சாபின் கால்வாய்களை இரண்டாக வெட்டியது. மாதோபூர், பெரோஸ்பூர் ஆகிய இடங்களிலிருந்த தலைமதகுகள் இந்தியாவின் பக்கமும், அவற்றால் பாசனம் பெற்ற நிலங்களில் ஒரு பகுதி பாகிஸ்தானின் பக்கமும் அமைந்தன. இடைக்கால ஏற்பாடு 1948 மார்ச் 31ஆம் நாளுடன் முடிவுற்றது. மறுநாள் நீர் நிறுத்தப்பட்டது.

இதனைத் தொடர்ந்து 1948 மே 4ஆம் நாள் தில்லியில் இரு நாடுகளும் ஓர் உடன்பாட்டில் கையொப்பமிட்டன. அளவிற் சிறியதாகிய அவ்வாவணம் சொல்லாய்வுக்குப் பெரிதும் உரியது. கிழக்குப் பஞ்சாபில் ஓடும் ஆறுகளின் நீர்மீது முழுச் சொத்துரிமையும் தனக்கே உண்டு என்றும், அந்நீரில் எப்பங்கையும் மேற்குப் பஞ்சாப் உரிமையாகக் கோர இயலாது என்றும் கிழக்குப் பஞ்சாப் அரசு வாதிட்டதாக ஆவணம் பதிவு செய்கிறது. மேற்குப் பஞ்சாப் அரசு இவ்வாதத்தை மறுத்ததும் அதிலேயே பதிவாகியுள்ளது. 'சொத்துரிமை', 'பங்கு', 'உரிமை' ஆகிய மூன்று கருத்துகளும் ஒரே பத்தியில் அடுத்தடுத்து வந்தபோதிலும், மூன்றும் அரசுகளைப் பற்றியனவே என்பது கருதத்தக்கது.

அவ்வாவணத்தில் மேலும் இரண்டு கருத்துகள் உள்ளன. நீர் அரிதாகவும் வளர்ச்சி குன்றியும் உள்ள தன் பகுதிகளை மேம்படுத்த வேண்டும் என்னும் கிழக்குப் பஞ்சாபின் கவலை இயல்பானதே என மேற்குப் பஞ்சாப் ஏற்கிறது. மாற்று நீராதாரங்களைத் தேடிக்கொள்ள அவகாசம் தராமல் திடீரென நீரை நிறுத்தும் நோக்கம் தனக்கில்லை எனக் கிழக்குப் பஞ்சாப் உறுதியளிக்கிறது. பிற்காலத்தில் பன்னாட்டு உறவுகளில் பெருவழக்குப் பெற்ற 'பற்றாக்குறை', 'தகவமைவு' என்னும் இரு கருத்துகளும் இங்கு வித்தாக இருத்தலைக் காணலாம். பற்றாக்குறை என்பது மேல்கரை அரசு தன் செயலுக்குக் கூறும் காரணமாகவும், தகவமைவு என்பது கீழ்கரை அரசுக்கு அளிக்கப்படும் தவணையாகவும் இங்கு அமைகின்றன.

டென்னசி பள்ளத்தாக்கு ஆணையத்தின் தலைவராக முன்னர் இருந்த டேவிட் லிலியந்தால் 1951ஆம் ஆண்டு இப்பகுதிக்கு வந்து சென்று, சிந்துப் படுகையை அரசியலுக்கு அப்பாற்பட்ட பொறியியல் சிக்கலாகக் கருதித் தீர்க்கலாம் என எழுதினார். உலக வங்கி நடுநின்றது. ஏறத்தாழ ஒன்பதாண்டுப் பேச்சுக்குப் பின் 1960 செப்டம்பர் 19ஆம் நாள் கராச்சியில் சிந்து நதிநீர் ஒப்பந்தம் கையொப்பமானது. கிழக்கு ஆறுகளாகிய சட்லஜ், பியாஸ், ராவி ஆகியவை இந்தியாவுக்கும், மேற்கு ஆறுகளாகிய சிந்து, ஜீலம், செனாப் ஆகியவை, சில விதிவிலக்குகளுடன், பாகிஸ்தானுக்கும் ஒதுக்கப்பட்டன. நீரைப் பகிர்வதற்கு மாறாக ஆறுகளையே பங்கிட்டுக்கொண்ட ஒப்பந்தம் இது எனலாம்.

12 உறுப்புகளும் எட்டு இணைப்புகளும் கொண்ட இவ்வொப்பந்தம் ஆங்கிலத்தில் மட்டுமே இயற்றப்பட்டது. பஞ்சாபி, சிந்தி, காசுமீரி, உருது முதலிய மொழிகள் வழங்கும் படுகைக்குரிய ஆவணம் அம்மொழிகளுள் எதிலும் அதிகாரப்பூர்வ வடிவம் பெறவில்லை. மனிதனின் தாகம் ஒப்பந்தத்தில் முற்றிலும் மறக்கப்படவுமில்லை. குடித்தல், துவைத்தல், குளித்தல், கால்நடை முதலியவற்றுக்கான நீர் 'வீட்டுப் பயன்பாடு' எனும் வரையறைக்குள் அடக்கப்பட்டுள்ளது. ஒரு நாட்டுக்கு ஒதுக்கப்பட்ட ஆற்று நீரில் மற்ற நாடு கைவைக்கலாகாது என்ற விதிக்கு இப்பயன்பாடு ஒரு விலக்காக அனுமதிக்கப்பட்டது. மனிதரின் அடிப்படைத் தேவை, அரசுப் பங்கின் விதிவிலக்காக இடம்பெற்றது என்பதே இங்குக் கவனிக்க வேண்டிய செய்தி.

ஒப்பந்தத்தின் மற்றொரு மையச் சொல் 'மாற்றீடு' என்பதாகும். கிழக்கு ஆறுகளின் நீரை இழக்கும் கால்வாய்களுக்கு மேற்கு ஆறுகளிலிருந்து நீர் கொணரும் மாற்றீட்டுப் பணிகளைப் பாகிஸ்தான் மேற்கொள்ள வேண்டும். அதற்கென இந்தியா 6,20,60,000 பவுண்டு ஸ்டெர்லிங் தரவேண்டும் என முடிவாயிற்று. அப்பணிகளின் பகுதியாக ஜீலம் ஆற்றில் கட்டப்பட்ட மங்களா அணை 1967ஆம் ஆண்டு நிறைவுற்றது. பழைய மிர்ப்பூர் நகரம் நீரில் மூழ்கியது. ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இடம்பெயர்ந்தனர். அவர்களுள் பலர் பிரிட்டனின் ஆலை நகரங்களுக்குக் குடியேறினர். இந்தியப் பகுதியில் பியாஸ் ஆற்றுக்குக் குறுக்கே 1974இல் நிறைவுற்ற போங் அணையால் நிலமிழந்த இமாச்சல மக்களுக்கு இராஜஸ்தானில் நிலம் தருவதாகக் கூறப்பட்டது. அது குறித்த வழக்குகள் பல பத்தாண்டுகள் நீடித்தன. கால்வாய்க்கு 'மாற்றீடு' என்னும் கலைச்சொல் கிடைத்தது. இடம்பெயர்ந்த மனிதரைக் குறிக்கும் கலைச்சொல் எதுவும் ஒப்பந்தத்தில் இல்லை.

3. வாராபந்தியும் முறையும்

அரசுகளின் மொழி இவ்வாறிருக்க, அப்படுகையின் உழவர்களிடம் வேறொரு சொல் வழங்கியது, இன்றும் எல்லையின் இரு புறங்களிலும் வழங்குகிறது. 'வாராபந்தி' என்பது அச்சொல். 'வாரா' என்பது முறை அல்லது தவணை. 'பந்தி' என்பது கட்டுப்படுத்தி நிறுவுதல். வாய்க்காலில் வரும் நீர் முழுவதையும் ஒவ்வோர் உழவரும் தம் நிலப்பரப்புக்கு ஏற்ற கால அளவு, பெரும்பாலும் ஏழு நாள் சுழற்சியில், எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு இது. குறைந்த நீரைப் பரந்த நிலத்துக்குப் பரப்புவதற்குக் கண்ட தகவமைவு என இதனைக் கொள்ளலாம். தமிழக ஏரிப் பாசனத்தில் 'முறை' என வழங்குவதும் இத்தகையதே. தமிழில் 'முறை' என்பது தவணையையும், ஒழுங்கையும், நீதியையும், உறவையும் ஒருசேரக் குறிப்பது ஒப்பு நோக்கத்தக்கது.

வாராபந்தியில் நேர்மை உண்டு. ஆயினும் அந்நேர்மை நிலத்தை அளவாகக் கொண்டது. நிலமற்றவருக்கு அதில் தவணை இல்லை. ஊர் வாய்க்காலில் நிலம் வகித்த இடத்தைப் பன்னாட்டு ஒப்பந்தத்தில் அரசு வகித்தது எனலாம். இரண்டிலும் நீர் ஓர் உடைமைக்குச் சேர்கிறது. அவ்வுடைமை வழியாகவே மனிதரைச் சென்றடைகிறது.

பங்கின் மொழியில் உறவும் பகையும் ஒருங்கே தங்கியிருப்பதைச் சொற்பிறப்பு காட்டுகிறது. போட்டியாளரைக் குறிக்கும் 'ரைவல்' என்ற ஆங்கிலச் சொல், ஒரே ஓடையைப் பயன்படுத்துபவர் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. தமிழில் 'பங்கு' என்பதிலிருந்து பிறந்த 'பங்காளி' என்பதும் உறவினரைக் குறிப்பதோடு, 'பங்காளிச் சண்டை' போன்ற தொடர்களில் பகையையும் உணர்த்துகிறது. பிரிவினைக்குப் பிந்தைய பஞ்சாபின் நிலைக்கு இவ்விரு சொற்களும் பொருந்துவன.

4. உரிமையின் மொழி: 'உள்ளிட்ட' என்னும் ஒரு சொல்

1948ஆம் ஆண்டுப் பிரகடனம் உருவானபோது சொற்கள் கவனமாக எடைபோடப்பட்டன. முதல் உறுப்பில் ஆண்களை மட்டும் குறிப்பதாகப் பொருள்படத்தக்க ஆங்கிலத் தொடரை மாற்றி, மனிதப் பிறவியர் அனைவரையும் குறிக்கும் தொடரை இடம்பெறச் செய்ததில் இந்தியப் பிரதிநிதி ஹன்சா மேத்தாவுக்குப் பெரும் பங்குண்டு. ஒரு சொல்லின் மாற்றம் பாதிப் பேரை உள்ளே கொணரும் எனின், ஒரு சொல்லின் இன்மை எத்தகைய விளைவைத் தரும் என்பதும் சிந்திக்கத்தக்கது.

தண்ணீர் பன்னாட்டுச் சட்டத்தில் மனிதருக்கு உரியதாக முதலில் பெயர் பெற்ற இடங்களுள் ஒன்று போர்ச் சட்டமாகும். 1949ஆம் ஆண்டின் மூன்றாம் ஜெனீவா உடன்படிக்கையின் 26ஆம் உறுப்பு, போர்க் கைதிகளுக்குப் போதிய குடிநீர் வழங்கப்பட வேண்டும் என விதிக்கிறது. சிறையிலுள்ள பகைநாட்டு வீரருக்கு எழுத்தால் உறுதி செய்யப்பட்டது, சொந்த நாட்டில் வாழும் குடிமகனுக்கு அவ்வளவு தெளிவாக எழுதப்படவில்லை. 1979ஆம் ஆண்டின் பெண்களுக்கு எதிரான பாகுபாடுகளை ஒழிக்கும் உடன்படிக்கை, ஊர்ப்புறப் பெண்களைப் பற்றிய 14ஆம் உறுப்பில் நீர் வழங்கலைக் குறிப்பிட்டது. 1989ஆம் ஆண்டின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கை 24ஆம் உறுப்பில் தூய குடிநீரைக் குறிப்பிட்டது. கைதி, ஊர்ப்புறப் பெண், குழந்தை எனச் சில பிரிவினர் வழியாகவே தண்ணீர் உரிமை ஆவணங்களுக்குள் நுழைந்தது.

எல்லா மனிதருக்கும் உரிய பொதுவான உடன்படிக்கை 1966ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் ஏற்கப்பெற்ற, பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகள் பற்றிய பன்னாட்டு உடன்படிக்கையாகும். 1976இல் நடைமுறைக்கு வந்த இதில் இந்தியா 1979இல் இணைந்தது. போதிய உணவு, உடை, உறைவிடம் உள்ளிட்ட தக்க வாழ்க்கைத் தரம் பெறும் உரிமையை இதன் 11ஆம் உறுப்பு கூறுகிறது. இங்கும் தண்ணீர் இல்லை. எனினும் 2002ஆம் ஆண்டு நவம்பரில் இவ்வுடன்படிக்கையின் கண்காணிப்புக் குழு தன் 15ஆம் பொதுக் கருத்துரையில், தண்ணீருக்கான உரிமை இவ்வுறுப்பிலேயே அடங்கியுள்ளது என விளக்கியது. அவ்விளக்கம் தாங்கி நின்ற தூண்களுள் முதன்மையானது 'உள்ளிட்ட' எனப் பொருள்படும் ஒரே சொல். அச்சொல் வருவதால் உணவு, உடை, உறைவிடம் என்னும் பட்டியல் முற்றுப்பெற்ற பட்டியல் அன்று. உயிர் வாழ்வதற்கு மிக அடிப்படையானதாகிய தண்ணீரும் அதனுள் அடங்கும் என்பது குழுவின் வாதம். போதிய, பாதுகாப்பான, ஏற்கத்தக்க, எட்டத்தக்க, வாங்கத்தக்க விலையிலமைந்த நீர் என உரிமையின் கூறுகளையும் அது வரையறுத்தது. உடன்படிக்கையில் இல்லாததைக் குழு சேர்த்துவிட்டது என மறுத்தோரும் உண்டு.

இவ்விடத்தில் மொழிபெயர்ப்பாளர் ஒன்றைக் கருதுதல் வேண்டும். உடன்படிக்கை ஆங்கிலம், சீனம், பிரெஞ்சு, ரஷ்யம், ஸ்பானியம் ஆகிய ஐந்து மொழிகளிலும் சம அதிகாரமுடைய மூலங்களைக் கொண்டது. ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளில் உறுதிசெய்யப்பெற்ற ஒப்பந்தத்தில் சொற்கள் எல்லா மூலங்களிலும் ஒரே பொருளுடையன எனக் கொள்ளவேண்டும் என்பது 1969ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை 33ஆம் உறுப்பின் விதி. தமிழ் வடிவத்துக்கு அத்தகைய சட்ட அதிகாரம் இல்லை. எனினும் தமிழறிந்த குடிமக்கள் தம் உரிமையை அவ்வடிவத்தின் வழியே அறிகின்றனர். தமிழில் 'ஆகிய' என்பது எண்ணப்பட்டவற்றோடு பட்டியலை முடித்துவிடும். 'முதலிய' என்பது பட்டியலைத் திறந்து வைக்கும். 'உள்ளிட்ட', 'உட்பட' என்பன கூறியவற்றைத் தம்முள் அடக்கிப் பிறவற்றுக்கும் இடம் தரும். 11ஆம் உறுப்பை 'உணவு, உடை, உறைவிடம் ஆகிய' என ஒருவர் மொழிபெயர்ப்பாராயின், 15ஆம் பொதுக் கருத்துரைக்குத் தமிழில் அடிப்படையே இராது.

5. தேவையும் உரிமையும்

1977ஆம் ஆண்டு மார்ச்சில் அர்ஜென்டினாவின் மார் டெல் பிளாட்டா நகரில் கூடிய ஐ.நா. நீர் மாநாடு, அடிப்படைத் தேவைக்கு ஏற்ற அளவிலும் தரத்திலும் குடிநீர் பெறுவதற்கு எல்லா மக்களுக்கும் உரிமை உண்டு என ஏற்றது. இங்கு 'தேவை' என்பது உரிமையின் அளவுகோலாக வந்தது. 1992ஆம் ஆண்டு டப்ளினில் வெளியான அறிக்கை, தண்ணீரைப் பொருளாதாரப் பண்டமாக ஏற்க வேண்டும் என்றது. அதன் விளக்கத்திலேயே வாங்கத்தக்க விலையில் தூய நீர் பெறுவது அடிப்படை உரிமை எனவும் கூறியது. உரிமையும் விலையும் ஒரே கொள்கையில் இணைந்தன.

2000ஆம் ஆண்டு மார்ச்சில் தி ஹேகில் நடைபெற்ற இரண்டாம் உலக நீர் மன்றத்தின் அமைச்சர் அறிக்கை 'உரிமை' என்ற சொல்லை விடுத்து, பாதுகாப்பான நீர் 'அடிப்படை மனிதத் தேவை' என்று மட்டும் கூறியது. சொல்லளவில் சிறிதாகத் தோன்றும் இம்மாற்றம் பொருளளவில் பெரிது. தேவை என்பது ஒருவரின் நிலையைக் கூறும் சொல். அதனை நிறைவேற்ற வேண்டியவர் யார் என அது கூறாது. சந்தையும் தேவையை நிறைவேற்றலாம், அறக்கொடையும் நிறைவேற்றலாம். உரிமை என்பது எதிரே ஒரு கடமையாளரை வேண்டி நிற்கும் சொல். அதனை மறுத்தால் காரணம் கேட்கலாம்.

இவ்வேறுபாடு சொல்லாராய்ச்சிக்கு மட்டும் உரியதன்று என்பதை அதே ஆண்டு பொலிவியாவின் கோச்சபாம்பா நகரம் காட்டியது. நகர நீர் வழங்கல் தனியாரிடம் ஒப்படைக்கப்பட்டுக் கட்டணங்கள் உயர்ந்ததை எதிர்த்து மக்கள் கிளர்ந்தெழுந்தனர். ஏப்ரலில் அவ்வொப்பந்தம் கைவிடப்பட்டது. பத்தாண்டுகளுக்குப் பின் ஐ.நா. பொதுப்பேரவையில் தண்ணீர் உரிமைத் தீர்மானத்தை முன்மொழிந்த நாடும் பொலிவியாவே. 2010 ஜூலை 28ஆம் நாள் அத்தீர்மானம் 122 வாக்குகளுடன் நிறைவேறியது. எதிர்த்து ஒரு வாக்கும் இல்லை. 41 நாடுகள் வாக்களிக்காமல் விலகி நின்றன. இந்தியா ஆதரித்தது, அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா ஆகியவை விலகி நின்றவற்றுள் அடங்கும். தீர்மானத்தின் வினைச்சொல் 'ஏற்றறிதல்' எனத் தமிழில் கூறத்தக்கது. புதிதாக ஒன்றை வழங்கும் வினையன்று அது. முன்பே உள்ளதை உள்ளதென ஒப்புக்கொள்ளும் வினை. 1948இல் எழுதப்படாத சொல் 62 ஆண்டுகளுக்குப் பின் இவ்வாறு எழுதப்பட்டது.

6. இரு சொல்வழக்குகளும் சந்தித்த இடங்கள்

கப்பல் போக்குவரத்து அல்லாத பிற பயன்பாடுகளுக்கான பன்னாட்டு நீர்வழிகளின் சட்டம் பற்றிய உடன்படிக்கை 1997 மே 21ஆம் நாள் பொதுப்பேரவையில் 103 வாக்குகளுடன் ஏற்கப்பெற்றது. சீனா, துருக்கி, புருண்டி ஆகிய மூன்றும் எதிர்த்தன. இந்தியாவும் பாகிஸ்தானும் உட்பட 27 நாடுகள் விலகி நின்றன. 2014ஆம் ஆண்டு ஆகஸ்டில்தான் இது நடைமுறைக்கு வந்தது. அரசுகளின் பங்கைப் பற்றியதே இவ்வுடன்படிக்கை. எனினும் 10ஆம் உறுப்பில், பயன்பாடுகளுக்கிடையே முரண்பாடு எழும்போது 'இன்றியமையாத மனிதத் தேவைகளுக்கு'ச் சிறப்புக் கவனம் தரவேண்டும் எனக் கூறப்பட்டது. குடிநீரும், பட்டினியைத் தடுக்க உணவு விளைவிப்பதற்கான நீரும் அத்தொடரில் அடங்கும் என விளக்கமும் சேர்க்கப்பட்டது. அரசுகளின் ஆவணத்தில் மனிதர் நுழைந்தனர். ஆயின் உரிமை உடையவராக அன்று, தேவை உடையவராக நுழைந்தனர்.

நாட்டுக்குள் மாநிலங்களுக்கிடையே எழுந்த காவிரி வழக்கிலும் இச்சந்திப்பைக் காணலாம். 2018 பிப்ரவரி 16ஆம் நாள் உச்ச நீதிமன்றம், பிலிகுண்டுலுவில் தமிழகத்துக்கு வரவேண்டிய நீரை 192 டி.எம்.சி.யிலிருந்து 177.25 டி.எம்.சி. ஆகக் குறைத்தது. கர்நாடகத்துக்குக் கூடுதலாகத் தரப்பட்ட 14.75 டி.எம்.சி.யில் 4.75 டி.எம்.சி. பெங்களூரு மக்களின் குடிநீர், வீட்டுத் தேவைகளுக்கானது. எஞ்சிய 10 டி.எம்.சி. தமிழகத்தின் நிலத்தடி நீரைக் கணக்கிற்கொண்டு குறைக்கப்பட்டது. அந்நகரில் படுகை எல்லைக்குள் அமைந்த பகுதியையே நடுவர் மன்றம் கணக்கிற்கொண்டிருந்தது. நீதிமன்றம் அவ்வெல்லையைக் கடந்து நகர மக்களின் தேவையைக் கருதியது. மனிதத் தேவை நுழையும்போது பங்கின் அளவு மாறுகிறது. அம்மாற்றத்தின் சுமை மற்றொரு கரையின் உழவரைச் சென்றடைகிறது. உரிமையின் மொழி பங்கின் மொழியைச் சந்திக்கும்போது இழப்பும் உடன் நிகழ்கிறது என்பதற்கு இது சான்று.

7. தகவமைவு என்னும் சொல்

உயிரியலில் பிறந்து பருவநிலை ஆவணங்களில் பெருவழக்குப் பெற்றுள்ள சொல் 'தகவமைவு'. இச்சொல்லில் செய்பவர் வெளிப்படுவதில்லை. யார் தகவமைய வேண்டும், அதன் செலவு யாருக்கு என்பன சொல்லின் அமைப்புக்குள்ளேயே மறைந்துவிடுகின்றன.

பசிபிக் தீவு நாடாகிய கிரிபட்டியிலிருந்து நியூசிலாந்துக்குச் சென்ற ஒருவர், கடல்மட்ட உயர்வால் தம் தீவில் நன்னீர் அருகி வாழ்வு இயலாததாகிவிட்டது எனக் கூறிப் புகலிடம் கோரினார். கோரிக்கை மறுக்கப்பட்டு 2015இல் திருப்பியனுப்பப்பட்டார். ஐ.நா. மனித உரிமைக் குழுவின் முடிவு 2020 ஜனவரியில் வெளியாயிற்று. பருவநிலை மாற்றத்தால் உயிர் வாழும் உரிமைக்குக் கேடு நேரும் நாட்டுக்கு ஒருவரைத் திருப்பியனுப்புதல் கூடாது என்னும் கடமை எழக்கூடும் எனக் குழு கொள்கையளவில் ஏற்றது. எனினும், அவரது தீவில் நன்னீர் எட்டாததாகவோ போதாததாகவோ பாதுகாப்பற்றதாகவோ உள்ளது என்பது போதுமான அளவு மெய்ப்பிக்கப்படவில்லை என்றது. 10 முதல் 15 ஆண்டு கால இடைவெளியில் கிரிபட்டி அரசு பன்னாட்டு உதவியுடன் மக்களைக் காக்கவும், வேண்டுமாயின் இடம் மாற்றவும் இயலும் என்றும் கருதியது. ஆகவே உரிமை மீறல் நிகழவில்லை என முடிவு செய்தது.

1948ஆம் ஆண்டு தில்லி உடன்பாட்டில் மாற்று நீராதாரம் தேட மேற்குப் பஞ்சாபுக்குத் தரப்பட்ட அவகாசத்தையும் இம்முடிவையும் ஒப்பிட்டு நோக்கலாம். அங்கு அவகாசம் ஓர் அரசுக்குத் தரப்பட்டது. இங்கு அவகாசம் ஓர் அரசுக்கு உள்ளதாகக் கருதப்பட்டு, அதன் காரணமாக ஒரு மனிதரின் கோரிக்கை மறுக்கப்பட்டது. நாடு தகவமையும் என்பதும் மனிதர் பாதுகாக்கப்படுவார் என்பதும் ஒன்றல்ல. மங்களா அணையால் பாகிஸ்தானின் பாசனம் தகவமைந்தது; மிர்ப்பூர் மக்கள் ஊரிழந்தனர்.

8. நிறுத்திவைப்பு: 2025

2025 ஏப்ரல் 22ஆம் நாள் பகல்காமில் நிகழ்ந்த பயங்கரவாதத் தாக்குதலில் 26 பேர் கொல்லப்பட்டனர். மறுநாள் இந்திய அரசு, எல்லை தாண்டிய பயங்கரவாதத்துக்கு அளிக்கும் ஆதரவைப் பாகிஸ்தான் நம்பத்தக்க வகையில் மீளாதபடி கைவிடும் வரை சிந்து நதிநீர் ஒப்பந்தம் 'அபெயன்ஸ்' நிலையில் வைக்கப்படும் என அறிவித்தது. ஒரு தரப்பாக அவ்வாறு செய்ய இயலாது எனப் பாகிஸ்தான் மறுத்தது. ஒப்பந்தப்படி அமைந்த நடுவர் மன்றம் 2025 ஜூன் 27ஆம் நாள், இவ்வறிவிப்பு தன் விசாரணை அதிகாரத்தைப் பாதிக்காது எனக் கூறியது. இந்தியா அம்மன்றத்தையே ஏற்கவில்லை.

'அபெயன்ஸ்' என்ற சொல் ஒப்பந்தத்தில் இல்லை. வேறோர் ஒப்பந்தம் செய்துகொண்டு முடிவுக்குக் கொணரும்வரை இது நீடிக்கும் என்றே 12ஆம் உறுப்பு கூறுகிறது. இந்தியா உறுப்பு வகிக்காத வியன்னா உடன்படிக்கை 'இடைநிறுத்தம்' எனப் பொருள்படும் வேறு சொல்லை ஆள்கிறது. தமிழ்ச் செய்தி நடையில் 'நிறுத்திவைப்பு', 'இடைநிறுத்தம்', 'ரத்து' ஆகிய மூன்றும் வழங்கின. ரத்து என்பது ஒப்பந்தம் இல்லாதொழிவது. இடைநிறுத்தம் என்பது சட்ட விதிகளுக்கு உட்பட்டுச் சிறிது காலம் செயலற்றிருப்பது. நிறுத்திவைப்பு என்பது இவ்விரண்டிலும் சேராது, விதி குறிக்காத நிலை. மூன்றையும் ஒன்றாகக் கொள்ளும் மொழிபெயர்ப்பு வாசகரைத் தவறான முடிவுக்கு இட்டுச் செல்லும்.

'அபெயன்ஸ்' என்பதன் வேர் ஆங்கில நிலச்சட்டத்தில் உள்ளது. ஒரு சொத்து யாருக்கு உரியது எனத் தீராமல், உரியவரை எதிர்நோக்கிக் காத்திருக்கும் நிலையை அது குறித்தது. ஆற்று நீரைச் சொத்துரிமையாகக் கருதிய 1948ஆம் ஆண்டு வாதமும் இச்சொல்லும் ஒரே சட்டக் குடும்பத்தைச் சேர்ந்தன. இடைப்பட்ட 77 ஆண்டுகளில் மனித உரிமையின் சொல்வழக்கு தண்ணீரை வந்தடைந்துவிட்டது. எனினும் நெருக்கடி நேர்ந்தபோது அரசுகள் பேசியது பங்கின் மொழியையே.

9. முடிவுரை

இதுவரை கண்டவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன. பங்கு என்பது நிலத்துக்கோ அரசுக்கோ சேர்வது. உரிமை என்பது மனிதரைச் சேர்வது. தேவை என்பது இரண்டுக்கும் இடைப்பட்டது. மனிதரைப் பற்றியதாயினும் கடமையாளரைச் சுட்டாதது. தமிழில் 'உரிமை' என்னும் சொல் உடைமையையும், கோரிக்கையையும், மனித உரிமையையும் ஒருங்கே குறிக்கிறது. 'காவிரி உரிமை' என்னும்போது அது மாநிலத்தின் பங்கு. 'குடிநீர் உரிமை' என்னும்போது அது மனிதரின் உரிமை. இவை ஒன்றோடொன்று மோதவும் கூடும் என்பதைக் காவிரித் தீர்ப்பே உணர்த்துகிறது.

ஆகவே அரசுகளின் ஒதுக்கீட்டைக் குறிக்குமிடத்து 'நீர்ப்பங்கு' எனவும், ஆற்றின்மீது உடைமை கோருமிடத்து 'நீர்ச் சொத்துரிமை' எனவும், மனிதரைக் குறிக்குமிடத்து மட்டும் 'நீருரிமை' எனவும் வேறுபடுத்தி ஆளுதல் பயன்தரும். மூலத்தில் 'தேவை' எனவுள்ள இடத்தை நல்லெண்ணத்தால் 'உரிமை' என உயர்த்துவதும் பிழையே. அவ்வாறு செய்தால், ஆவணத்தை இயற்றியவர்கள் எதனைத் தர மறுத்தனர் என்பதை வாசகர் அறியாமற் போவர். மறுக்கப்பட்டது எது எனத் தெரிந்தாலன்றி அதனைக் கேட்டுப் பெறுதல் இயலாது.